அத்தியாயம் 6: மக்கள் வாக்கு – தோற்றவரும் ஏற்கும்படி நடத்துவது

சென்ற அத்தியாயத்தில் நடுவர் குழுவை அமைத்தோம். இப்போது மக்களை உள்ளே அழைக்கிறோம். லோகோ, சுவரொட்டி, கோலம், புத்தக அட்டை, சங்கத்தின் சின்னம் என எதற்கான போட்டியானாலும், “மக்களே தேர்ந்தெடுக்கட்டும்” என்று கூட்டத்தில் யாராவது சொன்னதும் எல்லோரும் தலையாட்டிவிடுவார்கள். செலவு குறைவு, விளம்பரமும் கிடைக்கும். ஆனால் போட்டியிலேயே மிக எளிதாகக் கெட்டுப்போகும் பகுதி இந்த இணைய வாக்கெடுப்புதான். கெட்டுப்போனால் அடி விழுவது, இரவெல்லாம் உட்கார்ந்து வரைந்து இரண்டாம் இடத்தில் நின்றுபோன ஒருவருக்கு. இந்த அத்தியாயம் முழுவதையும் அவரை மனதில் வைத்தே எழுதுகிறேன். வென்றவர் உங்கள் கணக்கை ஒருநாளும் கேட்கமாட்டார். தோற்றவர் கேட்பார். அப்போது எடுத்துக் காட்ட உங்களிடம் என்ன இருக்கும் என்பதை யோசித்து ஒவ்வொரு விதியையும் எழுதுங்கள்.

வாக்குக்கு என்ன வேலை?

முதல் அறிவிப்பு வெளியாகும் முன்பே இதை முடிவு செய்ய வேண்டும். வாக்கு பரிசை முடிவு செய்கிறதா, நடுவர்களிடம் போக வேண்டிய படைப்புகளை வடிகட்டுகிறதா, அல்லது ‘மக்கள் விருப்பம்’ என்று ஒரு தனிப் பரிசைத் தருகிறதா? மூன்றும் வேறு வேறு. லெகோ நிறுவனத்தின் ‘லெகோ ஐடியாஸ்’ தளத்தில் ஒரு ரசிகரின் வடிவமைப்புக்கு 10,000 பேர் ஆதரவு தந்தால், அது நிறுவனத்தின் மதிப்பாய்வுக் குழுவிடம் போகும். விற்பனைக்கு வருமா என்பதைக் குழுவே சொல்லும். வாக்கு அங்கே கதவைத் திறக்கிறது, அத்துடன் அதன் வேலை முடிந்தது. பங்கேற்பவர் எல்லோருக்கும் அது முதலிலேயே தெரியும். அதனால் பத்தாயிரத்தைத் தாண்டியும் தேர்வாகாதவர் வருத்தப்படலாம், ஏமாற்றப்பட்டதாக நினைக்க இடமில்லை.

இதற்கு எதிர் உதாரணம் 2016இல் பிரிட்டனில் நடந்தது. அங்குள்ள இயற்கைச் சூழல் ஆய்வு மன்றம் தன் புதிய துருவ ஆய்வுக் கப்பலுக்குப் பெயர் கேட்டு இணையத்தில் வாக்கெடுப்பு நடத்தியது. ஒருவர் விளையாட்டாகப் போட்ட ‘போட்டீ மெக்போட்ஃபேஸ்’ என்ற பெயர் 1,24,109 வாக்குகளுடன் முதலிடம் பிடித்தது. இறுதி முடிவு தங்களுடையதே என்று மன்றம் விதியில் வைத்திருந்தது; கப்பலுக்கு சர் டேவிட் அட்டன்பரோவின் பெயரைச் சூட்டியது. மக்கள் தேர்ந்தெடுத்த பெயர் கப்பலில் போகும் ஆளில்லா நீர்மூழ்கிக்குப் போனது. விதிப்படி எல்லாம் சரி. ஆனால் வாக்களித்தவர்கள் தங்கள் வாக்கே பெயரை முடிவு செய்யும் என்று நம்பியிருந்தார்கள். விதிப் பக்கத்தின் அடியில் இருக்கும் வரியை யாரும் படிப்பதில்லை. வாக்கு என்ன செய்யும், என்ன செய்யாது என்பதை வாக்களிக்கும் பொத்தானுக்கு மேலேயே ஒரு வரியில் எழுதுங்கள்.

நம் ஊரில் அதிகம் காண்பது நான்காவது வகை: நடுவர் மதிப்பெண்ணுக்கு 70 விழுக்காடு, மக்கள் வாக்குக்கு 30 விழுக்காடு. நடுவர்களுக்கே முக்கியத்துவம் கொடுத்ததுபோலத் தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். நடுவர்கள் நூற்றுக்கு மதிப்பெண் போடும்போது நல்ல படைப்புகள் எல்லாம் பக்கத்தில் பக்கத்தில்தான் நிற்கும். ஒன்றுக்கு 68, இன்னொன்றுக்கு 62 என்று வைத்துக்கொள்வோம். வாக்குகள் அப்படி நிற்பதில்லை. 68 வாங்கியதற்கு 400 வாக்கு, 62 வாங்கியதற்கு 4,000 வாக்கு வரும். அதிக வாக்கை நூறாக வைத்து மற்றதை அதற்கேற்பக் குறைத்தால் முதலாவதற்கு 10, இரண்டாவதற்கு 100. இப்போது கூட்டினால் முதலாவதற்கு 47.6 உடன் 3 சேர்ந்து 50.6. இரண்டாவதற்கு 43.4 உடன் 30 சேர்ந்து 73.4. நடுவர்கள் தந்த ஆறு மதிப்பெண் வித்தியாசம் காணாமலே போய்விட்டது. பெயருக்கு 30 விழுக்காடு என்று இருந்த வாக்குதான் முடிவை எடுத்தது. போட்டி நடத்துபவர்களில் பலர் இதைக் கவனிப்பதே இல்லை. கவனிக்கும் ஒருவர் தோற்றவராக இருந்தால் அவரிடம் உங்களுக்குப் பதில் இருக்காது.

கலந்துதான் தீர வேண்டுமென்றால் வாக்கு எண்ணிக்கையையும் நடுவர் மதிப்பெண்ணையும் அப்படியே கூட்டாதீர்கள். இரண்டையும் தரவரிசையாக மாற்றி, பிறகு 70, 30 என்று பெருக்குங்கள். என் பரிந்துரை அதுவும் வேண்டாம் என்பதே. நடுவர் பரிசு ஒன்று, மக்கள் விருப்பப் பரிசு ஒன்று எனப் பிரித்து வைத்தால் இரண்டும் தத்தம் பொருளோடு இருக்கும்.

யார் வாக்காளர்?

டோக்கியோ 2020 ஒலிம்பிக் அமைப்பாளர்கள் இதை ஓர் அவமானத்துக்குப் பிறகு கற்றார்கள். முதலில் தேர்ந்தெடுத்த சின்னம், பெல்ஜியத்தின் லியேஜ் நகர நாடக அரங்கின் லோகோவைப் போல இருக்கிறது என்ற குற்றச்சாட்டு கிளம்பி, 2015 செப்டம்பரில் அதைக் கைவிட வேண்டியதாயிற்று. அடுத்த சின்னத்துக்கு எல்லோரிடமிருந்தும் படைப்புகள் கேட்டு, இறுதிக்கு வந்த நான்கையும் மக்கள் பார்வைக்கு வைத்துக் கருத்துக் கேட்டார்கள். ஒலிம்பிக்குக்கும் பாராலிம்பிக்குக்குமான பொம்மைச் சின்னங்களைத் தேர்ந்தெடுக்கும்போது இன்னும் ஒரு படி மேலே போனார்கள். வந்த 2,042 படைப்புகளை நிபுணர் குழு மூன்று ஜோடிகளாகச் சுருக்கியது. அதன்பின் வாக்களித்தவர்கள் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள். ஆளுக்கொரு வாக்கு அல்ல, வகுப்புக்கு ஒரு வாக்கு. வகுப்பில் கூடிப் பேசி, ஒரு முடிவுக்கு வந்து, அந்த ஒன்றை அனுப்ப வேண்டும். 16,769 பள்ளிகளிலிருந்து 2,05,755 வகுப்புகள் வாக்களித்தன. வென்ற ‘ஏ’ ஜோடிக்கு 1,09,041, மற்ற இரண்டுக்கும் 61,423, 35,291. மூன்றையும் கூட்டினால் மொத்தம் சரியாக வருகிறது. இப்படிக் கூட்டிப் பார்க்க முடிகிற முடிவைத்தான் வெளியிட வேண்டும்.

இந்த ஏற்பாட்டில் நான் பெரிதும் மதிப்பது, வாக்காளர் பட்டியல் போட்டிக்கு முன்பே உலகில் இருந்தது என்பதுதான். வாக்குக்காக யாரும் ஒரு பள்ளி வகுப்பைப் புதிதாக உருவாக்க முடியாது. இணையக் கணக்கை உருவாக்க ஒரு நிமிடம் போதும். விக்கிமீடியா பொதுவகம் நடத்தும் ‘ஆண்டின் சிறந்த படம்’ போட்டியிலும் இதே எண்ணம் வேறு வடிவில் இருக்கிறது. குறிப்பிட்ட தேதிக்கு முன்பே கணக்குத் தொடங்கி, 75 திருத்தங்களுக்கு மேல் செய்தவர்களுக்கு மட்டுமே அங்கே வாக்கு.

உங்களிடமும் ஒரு பட்டியல் இருக்கும், தேடிப் பாருங்கள். நூலக உறுப்பினர்கள், கல்லூரி மின்னஞ்சல் வைத்திருப்பவர்கள், சங்கத்தில் சந்தா கட்டியவர்கள், குடியிருப்பின் வீட்டு எண்கள். சின்னம் எந்த மக்களுக்கானதோ அந்த மக்களின் பட்டியலே சிறந்தது. அறிவிப்புத் தேதிக்கு முந்தைய நாளோடு பட்டியலை மூடிவிடுங்கள். அதன்பின் சேர்ந்தவர்களுக்கு அடுத்த ஆண்டு வாக்கு உண்டு என்று சொல்லுங்கள், தவறில்லை.

பட்டியல் இல்லாதபோது

உலகமே வாக்களிக்கலாம் என்று திறந்துவிட்டால், ஒரு ஆளுக்கு ஒரு வாக்கு என்பதை முழுமையாக உறுதிசெய்ய எந்த வழியும் இல்லை. எவ்வளவு கடினமாக்கலாம் என்பது மட்டுமே உங்கள் கையில் இருக்கிறது. ஒவ்வொரு பூட்டும் யாரைத் தடுக்கிறது என்பதோடு, எந்த நேர்மையான ஆளை வெளியே நிறுத்துகிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

உலாவியில் வைக்கும் குக்கி, மறைநிலைச் சாளரம் ஒன்றைத் திறந்தாலே தோற்றுவிடும். ‘ஒரு ஐபி முகவரிக்கு ஒரு வாக்கு’ என்பது இன்னும் மோசம். நம் மொபைல் நிறுவனங்கள் ஒரே பொது ஐபி முகவரியைப் பல சந்தாதாரர்களுக்குப் பகிர்ந்து தருகின்றன. ஒரு விடுதியின் வைஃபையில் இருக்கும் அத்தனை மாணவிகளும் வெளியே ஒரே முகவரியாகத்தான் தெரிவார்கள். முதல் மாணவி வாக்களித்ததும் மற்றவர்களுக்குக் கதவு மூடிவிடும். விபிஎன் தெரிந்த மோசடிக்காரரோ முகவரியை மாற்றி மாற்றி உள்ளே வருவார். ஐபி முகவரியைப் பதிவு செய்யுங்கள், பின்னால் ஆராய உதவும். அதை வைத்து யாரையும் தடுக்காதீர்கள்.

மின்னஞ்சல் சரிபார்ப்பு ஓரளவு நல்லது. ஆனால் ஜிமெயிலில் பெயருக்கு நடுவே புள்ளி எங்கே வைத்தாலும் அஞ்சல் ஒரே பெட்டிக்குத்தான் போகும். பெயருக்குப் பின் கூட்டல் குறி போட்டு எதைச் சேர்த்தாலும் அப்படியே. ஒரே ஆள் அந்த ஒரு பெட்டியை வைத்துக்கொண்டு நூறு வாக்குப் போடலாம். ஜிமெயில் முகவரிகளில் புள்ளிகளையும், கூட்டல் குறிக்குப் பின் வருவதையும் நீக்கிவிட்டுப் பிறகு ஒப்பிடுங்கள். சில நிமிடம் மட்டும் உயிரோடிருக்கும் தற்காலிக மின்னஞ்சல் தளங்களின் பெயர்ப் பட்டியல்கள் இணையத்திலேயே கிடைக்கும், அவற்றைத் தடுத்துவிடலாம். கூகுள் ஃபார்ம் பயன்படுத்துபவர்கள் ‘ஒரு பதில் மட்டும்’ என்ற அமைப்பைப் போட்டால் வாக்காளர் கூகுள் கணக்கில் நுழைந்தாக வேண்டும். சிறிய போட்டிக்கு அது போதும்.

செல்பேசிக்கு ஓடிபி அனுப்புவது இவை எல்லாவற்றையும் விட வலுவானது, செலவும் அதிகம். அதையும் ஆளுக்கு ஒன்று என்று நம்பிவிடக் கூடாது. இந்தியாவில் பெரும்பாலான மாநிலங்களில் ஒருவர் தன் பெயரில் ஒன்பது சிம் வரை வைத்திருக்கலாம். மறுபக்கம், வீட்டுக்கு ஒரே செல்பேசி உள்ள குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. மகன் வாக்களித்துவிட்டால் அம்மாவுக்கு வாக்கு இல்லை. கோலப் போட்டிக்கு அந்த அம்மாவின் கண்தான் எனக்கு வேண்டும். அப்படிப்பட்ட போட்டிகளில் நூலகத்திலோ பள்ளியிலோ ஒரு நாள் கணினி ஒன்றை வைத்து, ஒரு தன்னார்வலர் பக்கத்தில் இருந்து நேரில் வாக்களிக்க வைப்பது நல்ல பழக்கம்.

செல்பேசி எண்ணை வாங்கினால் பொறுப்பும் சேர்ந்தே வருகிறது. 2023ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், என்ன நோக்கத்துக்கு வாங்கினோமோ அதற்கு மட்டுமே தரவைப் பயன்படுத்தவும், நோக்கம் முடிந்ததும் அழிக்கவும் சொல்கிறது. 18 வயதுக்குக் கீழுள்ளவர்களின் தரவுக்குப் பெற்றோரின் சம்மதம் தேவை என்கிறது. பள்ளிப் போட்டிகளில் இது பெரிய தலைவலி. வகுப்புக்கு ஒரு வாக்கு என்ற டோக்கியோ முறையில் எந்தக் குழந்தையின் பெயரும் எண்ணும் வேண்டாம். ஆசிரியர் அனுப்பும் ஒரு பதில் போதும்.

வாக்குச்சீட்டை அமைப்பது

வாக்கெடுப்பு நடக்கும்போது எண்ணிக்கையைக் காட்டக் கூடாது. இதில் எனக்கு விட்டுக்கொடுக்க மனமில்லை. மேத்யூ சல்கானிக், பீட்டர் டாட்ஸ், டங்கன் வாட்ஸ் மூவரும் 2006இல் ‘சயன்ஸ்’ இதழில் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். 14,341 பேருக்கு, அதிகம் தெரியாத குழுக்களின் 48 பாடல்களைக் கேட்கக் கொடுத்தார்கள். ஒரு பகுதியினருக்கு மற்றவர்கள் எதை எத்தனை முறை பதிவிறக்கினார்கள் என்பது தெரியாது. மீதிப் பேர் எட்டுத் தனித்தனி உலகங்களாகப் பிரிக்கப்பட்டு, தத்தம் உலகத்தின் பதிவிறக்க எண்ணிக்கையைப் பார்த்தார்கள். எண்ணிக்கை தெரிந்த இடங்களில் முன்னால் போன பாட்டு இன்னும் முன்னால் போனது. ஓர் உலகத்தில் உச்சிக்குப் போன பாட்டு இன்னோர் உலகத்திலும் போகும் என்ற உறுதி இல்லாமல் போனது. உங்கள் போட்டியில் முதல் நாள் காலையில் பத்து நண்பர்களைக் கூட்டி வருபவருக்குக் கிடைப்பது இந்த லாபம்தான். எண்ணிக்கையை மறைத்தால் கள்ள ஓட்டுப் போடுபவருக்கும் எத்தனை வேண்டும் என்று தெரியாது. ஃபேஸ்புக் லைக்கை வாக்காக எண்ணும் போட்டிகளை இதனாலேயே தவிர்க்கச் சொல்கிறேன். எண்ணிக்கை எல்லோர் கண்ணிலும் படும், லைக்கைக் காசு கொடுத்தும் வாங்கலாம்.

படைப்புகள் ஒவ்வொருவருக்கும் வேறு வரிசையில் தோன்ற வேண்டும். மேலே இருப்பது கூடுதல் பார்வை பெறும். கைபேசித் திரையில் இருபதாவது படத்துக்கு விரல் போவதற்குள் பலர் வாக்களித்துவிடுவார்கள். கூகுள் ஃபார்மிலேயே விருப்பங்களைக் கலைத்துக் காட்டும் வசதி இருக்கிறது. படைப்பாளியின் பெயரை மறையுங்கள். எல்லாப் படங்களும் ஒரே அளவில், ஒரே பின்னணியில் இருக்கட்டும்.

அடுத்தது எண்ணும் முறை. நியூசிலாந்து தன் கொடியை மாற்றலாமா என்று கேட்டு நடத்திய வாக்கெடுப்பை ஒவ்வொரு அமைப்பாளரும் படிக்க வேண்டும். இணைய வாக்கெடுப்பு அல்ல, அஞ்சலில் நடந்தது; பாடம் பொதுவானது. வந்த வடிவமைப்புகள் 10,292. அவற்றைக் குழு ஒன்று 40 ஆகவும், பிறகு நான்காகவும் சுருக்கியது. நாற்பதில் ஒன்றைக் காப்புரிமைக் கோரிக்கை வந்ததால் நீக்க வேண்டியிருந்தது. நான்கும் ஏறத்தாழ ஒரே சாயலில் இருக்கின்றன என்று மக்கள் எதிர்ப்புத் தெரிவிக்க, ‘ரெட் பீக்’ என்ற ஐந்தாவதை நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்திச் சேர்த்தது. வாக்கெடுப்பு தொடங்கும் முன்பே, வெளிப்படையாக அது நடந்ததால் முடிவின் மேல் கறை படியவில்லை.

2015 இறுதியில் நடந்த முதல் சுற்றில் மக்கள் ஐந்தையும் 1, 2, 3 என்று வரிசைப்படுத்தினார்கள். கைல் லாக்வுட் வரைந்த இரண்டு கொடிகள் அதில் இருந்தன. இரண்டிலும் வெள்ளிப் பெரணி இலை, நிறம் மட்டும் வேறு. முதல் விருப்பத்தை மட்டும் எண்ணியபோது சிவப்பு நிறம் உள்ளது 41.64 விழுக்காட்டுடன் முன்னால் நின்றது. கறுப்பு உள்ளதற்கு 40.15. கடைசியில் இருப்பதை நீக்கி, அதன் வாக்குகளை அவரவர் அடுத்த விருப்பத்துக்கு மாற்றிக்கொண்டே வந்தபோது கறுப்பு 50.58 விழுக்காட்டுடன் வென்றது. சாதாரண முறையில் எண்ணியிருந்தால் வேறு கொடி வென்றிருக்கும். (2016 மார்ச்சில் நடந்த இரண்டாவது வாக்கெடுப்பில் பழைய கொடியே போதும் என்று 56.73 விழுக்காட்டினர் சொல்லிவிட்டார்கள்.)

ஒரே ஒரு வாக்கு முறையில், ஒரே சாயலில் உள்ள இரண்டு நல்ல படைப்புகள் ஒன்றின் வாக்கை ஒன்று தின்றுவிடும். தனித்து நிற்கும் மூன்றாவது எளிதாக ஜெயிக்கும். ஐந்தாறு படைப்புகள் இருந்தால் வரிசைப்படுத்தச் சொல்லுங்கள். இருபது முப்பது இருந்தால் யாரும் வரிசைப்படுத்தமாட்டார்கள். பிடித்தவை மூன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள், மூன்றும் கட்டாயம். ஒருவரிடமிருந்து வாட்ஸ்அப்பில் வந்த இணைப்பை அழுத்தி அவருக்கு மட்டும் போட்டுவிட்டு ஓட நினைப்பவரும் மற்ற படைப்புகளை ஒரு முறையாவது பார்க்க வேண்டியிருக்கும். பார்த்த கண் சில நேரம் மனம் மாறும்.

பிரச்சாரத்தைத் தடை செய்யாதீர்கள், தடுக்கவும் முடியாது. ஆனால் தனிப் படைப்புக்கென்று தனி இணைப்பு தராதீர்கள். எல்லோரும் பொதுப் பக்கத்துக்கே வரட்டும். வாக்குக்குப் பணமோ ரீசார்ஜோ தருவதும், பிறர் எண்ணை வாங்கி வாக்களிப்பதும் தடை என்று எழுதுங்கள்.

கள்ள ஓட்டுத் தெரிந்தால்

2009இல் ‘டைம்’ இதழ் செல்வாக்குமிக்க நூறு பேருக்கான இணைய வாக்கெடுப்பு நடத்தியது. ‘4சான்’ தளத்தின் பயனர்கள் அதன் நிறுவனர் கிறிஸ்டோபர் பூலை முதலிடத்துக்கு ஏற்றியதோடு, முதல் 21 பெயர்களின் முதலெழுத்துகள் தங்களுக்குள் புழங்கும் ஒரு வாசகமாக அமையும்படி வரிசையையே அடுக்கிக் காட்டினார்கள். இடையில் நிறுவப்பட்ட கேப்ச்சாவையும் கையால் வாக்களித்துத் தாண்டினார்கள். ‘நான் ரோபோ அல்ல’ என்ற கட்டத்தை மட்டும் நம்பி நிம்மதியாகத் தூங்கும் அமைப்பாளர் இதை நினைவில் வைக்க வேண்டும்.

பதிவேட்டில் பார்க்க வேண்டியவை பெரும்பாலும் வெறும் கண்ணுக்கே தெரியும்: சீரான இடைவெளியில் விடியற்காலை மூன்று மணிக்கு வரும் வாக்குகள், எண்கள் மட்டும் மாறும் மின்னஞ்சல் பெயர்கள், ஒரே படைப்புக்கு மட்டும் திடீரென்று எழும் அலை. ஆனால் அலை என்பது விசாரிக்கக் காரணம், நீக்கக் காரணம் அல்ல. ஒரு கிராமத்துப் பள்ளியில் ஆசிரியை கணினி வகுப்பில் சொன்னதும் நாற்பது பிள்ளைகள் பத்து நிமிடத்தில் வாக்களித்தாலும் பதிவேட்டில் அலையாகத்தான் தெரியும். அவர்களுக்கு ஒரு மின்னஞ்சலோ தொலைபேசி அழைப்போ போகட்டும், பிறகு முடிவு செய்யலாம்.

இரண்டு கட்டுப்பாடுகளை உங்களுக்கே விதித்துக்கொள்ளுங்கள். முதலாவது, வாக்குகளைச் சோதிப்பவருக்கு எந்த வாக்கு எந்தப் படைப்புக்கு என்று தெரியக் கூடாது. எக்செல் தாளில் படைப்புகளின் பெயரை எடுத்துவிட்டு க, ங, ச என்று குறியிட்டுக் கொடுங்கள். குறியின் விளக்கம் இன்னொருவரிடம் இருக்கட்டும். இரண்டாவது, கள்ள வாக்கை நீக்குங்கள், படைப்பாளியை நீக்காதீர்கள். போட்டியாளர் ஒருவரை மாட்டிவிட அவர் பெயருக்கே எதிராளி கள்ள ஓட்டுக் குவிப்பது நடக்கக்கூடியது. படைப்பாளியின் கை இருப்பதற்கு நேரடிச் சான்று இருந்தால் மட்டுமே தகுதிநீக்கம், அதற்கு முன் அவருடைய விளக்கமும் கேட்கப்பட வேண்டும்.

விதியில் இல்லாத தண்டனையைப் பின்னால் கண்டுபிடிப்பது எவ்வளவு நியாயமாகத் தோன்றினாலும் ஆறாத காயத்தை விட்டுப் போகும். 1957இல் அமெரிக்காவின் பேஸ்பால் ‘ஆல் ஸ்டார்’ ஆட்டத்துக்கு ரசிகர்கள் வாக்களித்தபோது, சின்சினாட்டி நகரத்து ரசிகர்கள் சீட்டுகளைக் குவித்து, எட்டு இடங்களில் ஏழைத் தங்கள் அணிக்கே வாங்கிவிட்டார்கள். ஆணையர் ஃபோர்டு ஃபிரிக் அவர்களில் இருவரை நீக்கி, வேறு அணிகளின் வீரர்களான வில்லி மேஸையும் ஹாங்க் ஏரனையும் சேர்த்தார். அதன்பின் 1970 வரை ரசிகர்களுக்கு வாக்கே இல்லை.

அதனால் இப்படி ஒரு விதியை முதல் நாளே வெளியிடுங்கள், வேண்டிய மாற்றத்தோடு எடுத்துக்கொள்ளலாம்: “வாக்கெடுப்பு முடிந்தபின் எல்லா வாக்குகளும் சரிபார்க்கப்படும். ஒரே நபர் பலமுறை அளித்தவை, மென்பொருளால் அளிக்கப்பட்டவை, பிறர் அடையாளத்தில் அளிக்கப்பட்டவை கணக்கில் சேரா. வந்த வாக்கு, நீக்கிய வாக்கு, நீக்கியதற்கான காரணம் ஆகியவை ஒவ்வொரு படைப்புக்கும் வெளியிடப்படும். முடிவு வெளியான ஐந்து நாட்களுக்குள் யாரும் முறையிடலாம். முறையீடு, வாக்கெடுப்பை நடத்தாத ஒருவரால் விசாரிக்கப்படும். அதன்பிறகே பரிசு வழங்கப்படும்.”

முடிவை வெளியிடும்போது

முதல் அறிவிப்பைத் ‘தற்காலிக முடிவு’ என்றே தலைப்பிடுங்கள். வென்றவரை மேடைக்கு அழைத்து, படம் எடுத்து, பத்திரிகைக்கும் கொடுத்துவிட்டால் பிறகு வரும் எந்த முறையீட்டையும் திறந்த மனதோடு கேட்க உங்களால் முடியாது. விழாவை ஐந்து நாளுக்குப் பின் வையுங்கள்.

முறையிடுபவருக்கு எண்களோடு பதில் எழுதுங்கள். “உங்கள் படைப்புக்கு வந்தவை 312, நீக்கியவை 9, அவற்றில் 7 ஒரே மின்னஞ்சல் பெட்டியிலிருந்து, 2 தற்காலிக முகவரியிலிருந்து” என்ற அளவுக்கு இருக்க வேண்டும். பெயர் நீக்கிய வாக்குத் தாளை அவர் கேட்டால் கொடுங்கள். தானே எண்ணிப் பார்க்கட்டும். வாக்களித்தவர்களின் எண்ணையும் முகவரியையும் யார் கேட்டாலும், பரிசுத் தொகை தந்த நன்கொடையாளரே கேட்டாலும், தராதீர்கள். முறையீடுகள் முடிந்ததும் அந்த எண்களையும் முகவரிகளையும் அழித்துவிட்டு, பெயரில்லாத தாளை மட்டும் அடுத்த ஆண்டு நடத்துபவருக்காகப் போட்டிக் கோப்பில் வையுங்கள். அழித்த தேதியை இறுதி முடிவின் கீழ் ஒரு வரியாகச் சேர்த்துவிடுங்கள்.